வயசான பாஸ்கெட்பால் டீம், பிளேஆஃபுக்கு முன்னாடி தெம்பை எப்படி மிச்சம் பிடிக்கணும்

வருஷா வருஷம் மார்ச் மாசம் வந்தா என்பிஏ, அதான் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக், பாக்குறவங்களுக்குள்ள இந்த சண்டை வந்துடும். டீமோட மெயின் ஆளுங்க எல்லாம் 34, 35 தாண்டியாச்சு, இன்னும் பதினஞ்சு இருபது மேட்ச் பாக்கி இருக்கு, இவங்கள ஓட விடலாமா இல்ல உக்கார வச்சு பிளேஆஃபுக்கு, அதாவது கப்புக்கான நாக்அவுட் ரவுண்டுகளுக்கு, சேத்து வைக்கலாமான்னு. என்னைக் கேட்டா சேத்து வைக்கணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா மார்ச்ல உக்காந்து யோசிக்கிற கோச் லேட் பண்ணிட்டாருன்னு அர்த்தம். வயசான டீம் தெம்பை மிச்சம் பிடிக்க வேண்டியது அக்டோபர் கடைசியில இருந்தே, நிமிஷம் நிமிஷமா. ஏப்ரல்ல ஒரேயடியா நாலு மேட்ச் உக்கார வச்சு அதை ஈடு கட்ட முடியாது.

முதல்ல வேலை எவ்வளவுன்னு பாத்துக்கோங்க. ரெகுலர் சீசன் 82 மேட்ச், கிட்டத்தட்ட ஆறு மாசம். அது முடிஞ்சப்புறம் கப் வேணும்னா இன்னும் 16 மேட்ச் ஜெயிக்கணும், நாலு ரவுண்டு, ஒவ்வொண்ணும் ஏழுல நாலு, ரெண்டு மாசம் இழுக்கும், மோசமா போனா 28 மேட்ச் கூட ஆடணும். அந்த 28ல எதிர் டீம் உங்க வீக்னெஸ் எதுன்னு தெரிஞ்சு அதையே திரும்பத் திரும்ப குத்தும், மெதுவா ஓடுற ஆள் யாரோ அவரைத்தான் ஒவ்வொரு தடவையும் டிஃபென்ஸ்ல இழுத்து விடுவாங்க. 37 வயசு ஆளால ஒரு ராத்திரி பிரமாதமா ஆட முடியும், அதை எல்லாரும் பாத்திருக்கோம். மறுநாள் ராத்திரி ஆடணும்னு வரும்போதுதான் வயசு தெரியும். தசை வலி போறதுக்கு முன்ன ஒரு நாள் எடுத்தது இப்போ ரெண்டு மூணு நாள் எடுக்கும், தூக்கம் சரியா வராது, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ளைட்ல இருந்து இறங்கினா முட்டி வீங்கி இருக்கும். அதனால நாம மிச்சம் பிடிக்கப் போறது அடிப்படையில அந்த ரிக்கவரியைத்தான், இதை மனசுல வச்சுக்கிட்டா மத்த முடிவெல்லாம் சுலபமா வரும்.

உங்க டீமுக்கு எந்த சீட் உண்மையிலயே வேணும்

ரெஸ்ட் குடுக்கலாமா வேணாமான்னு கேக்குறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்கு பதில் சொல்லணும். சீட்டுன்னா ரெகுலர் சீசன் முடியும்போது டீம் அதோட கான்ஃபரன்ஸ்ல (லீக்கோட கிழக்கு, மேற்குன்னு ரெண்டு பாதி) எத்தனாவது இடம்கிறது. எல்லா சீட்டும் ஒரே மதிப்பு இல்ல. வயசான டீமுக்கு ரொம்ப முக்கியமான கோடு ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல இருக்கு, ஏன்னா 2021ல இருந்து ஏழுல இருந்து பத்தாவது வரைக்கும் வர்ற டீமுங்க பிளே-இன்ங்கிற தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ள வரணும். ஆறாவதா முடிச்சா அஞ்சாறு நாள் முழுசா கிடைக்கும், ஏழாவதா முடிச்சா அந்த நாட்கள்லயே உயிரைக் குடுத்து ஒரு மேட்ச், தோத்தா இன்னொண்ணு. இளம் டீமுக்கு அது ஒண்ணுமில்ல, கூடைக்குப் பக்கத்துல ஆடுற சென்டர் 36 வயசுல இருக்குற டீமுக்கு அந்த அஞ்சு நாள் தங்கம். அடுத்தது நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல உள்ள கோடு, நாலாவதா வந்தா முதல் ரவுண்டுல ஹோம் கோர்ட், அதாவது ஏழாவது மேட்ச் வரைக்கும் போனா அது சொந்த ஊர்ல. மூணா நாலாங்கிறதுக்கு நான் ஒரு ஆளோட முட்டியைப் பணயம் வைக்க மாட்டேன்.

2009-10 பாஸ்டன் செல்டிக்ஸை எடுத்துக்கோங்க, இந்த விஷயத்துல இதைவிட நல்ல பாடம் இல்ல. கார்னெட், பியர்ஸ், ரே ஆலன், ரஷீத் வாலஸ், எல்லாருமே 30ஐத் தாண்டினவங்க, கார்னெட்டுக்கு முந்தின வருஷம்தான் முட்டியில ஆபரேஷன். சீசனை 23 வெற்றி 5 தோல்வின்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் மீதி 54 மேட்ச்ல 27 ஜெயிச்சு 27 தோத்தாங்க. 50-32, கிழக்குல நாலாவது சீட். எல்லாரும் இவங்க கதை முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க. ஆனா பிளேஆஃப்ல மியாமியை அஞ்சு மேட்ச்ல அனுப்பினாங்க, 61 மேட்ச் ஜெயிச்ச கிளீவ்லேண்டை ஆறுல முடிச்சாங்க, 59 ஜெயிச்ச ஆர்லாண்டோவையும் ஆறுல முடிச்சாங்க, ஃபைனல்ஸ்ல லேக்கர்ஸோட ஏழாவது மேட்ச் வரைக்கும் போனாங்க. அந்த ஏழாவது மேட்ச் லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்துச்சு, மூணாவது குவார்ட்டர்ல 13 பாயிண்ட் முன்னாடி இருந்தும் 83-79ல தோத்தாங்க. அவங்க சென்டர் பெர்கின்ஸ் ஆறாவது மேட்ச்ல முட்டி போய் உக்காந்துட்டாரு, ரீபவுண்டு, அதாவது கூடையில விழாம திரும்புற பந்து, பிடிக்க ஆள் இல்ல. இதைப் பாத்து சிலர் சொல்வாங்க, ரெகுலர் சீசன்ல முக்கி ஆடியிருந்தா அந்த மேட்ச் பாஸ்டன்ல நடந்திருக்கும்னு. லேக்கர்ஸ் அந்த வருஷம் 57 ஜெயிச்சாங்க, அதைத் தாண்ட பாஸ்டனுக்கு இன்னும் எட்டு வெற்றி வேணும், அந்தக் கால்களை வச்சுக்கிட்டு அந்த எட்டைத் துரத்தியிருந்தா கிளீவ்லேண்டைத் தாண்டியிருப்பாங்களாங்கிறதே எனக்கு டவுட்.

ஹோம் கோர்ட் சும்மான்னு சொல்ல வரல. என்பிஏ வரலாறுல ஏழாவது மேட்ச்ல கிட்டத்தட்ட நாலுல மூணு ஹோம் டீம்தான் ஜெயிச்சிருக்கு. 1998ல ஷிகாகோ புல்ஸ், ஜோர்டனுக்கு 35 வயசு, 82 மேட்சும் ஆடினாரு, இந்தியானா கூட கான்ஃபரன்ஸ் ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச் வரைக்கும் போய் சொந்த மண்ணுல 88-83ன்னு மூச்சு வாங்க ஜெயிச்சாங்க. அது இந்தியானாவுல நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. இன்னொரு பக்கம் 1969 செல்டிக்ஸ், பில் ரஸல் 35 வயசுல பிளேயரும் அவர்தான் கோச்சும் அவர்தான், கிழக்குல நாலாவதா வந்தாங்க, கடைசி மேட்சை லாஸ் ஏஞ்சலஸ்ல போய் 108-106ல ஜெயிச்சு கப்பைத் தூக்கினாங்க. அதனால என்னோட அளவுகோல் இதுதான்: முதல் ஆறு சீட்டுக்குள்ள இருக்கணும்கிறதுல விட்டுக்குடுக்காதீங்க, முதலிடம் ரெண்டு மூணு வெற்றி தூரத்துல இருந்தா துரத்துங்க, மத்த எந்த இடத்துக்காகவும் வயசான ஆளோட நிமிஷத்தை ஏத்தாதீங்க.

சீட் துரத்துறது எங்க கொண்டு போய் விடும்னு தெரியணும்னா 2013 ஏப்ரல் லேக்கர்ஸைப் பாருங்க. பிளேஆஃபுக்குள்ள நுழையவே போராட்டம், கோபி பிரையன்ட்டுக்கு 34 வயசு, ஏப்ரல் 10ஆம் தேதி போர்ட்லேண்ட்ல 48 நிமிஷமும் உக்காராம ஆடி 47 பாயிண்ட் அடிச்சாரு. ரெண்டு நாள் கழிச்சு கோல்டன் ஸ்டேட் கூட ஆடும்போது குதிகாலுக்கு மேல இருக்குற அகில்லஸ் தசைநார் அறுந்துச்சு. நிமிஷம் ஜாஸ்தியானதாலதான் அறுந்துச்சுன்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா அந்த டீம் ஏழாவது சீட்ல உள்ள போய் முதல் ரவுண்டுல நாலும் தோத்துச்சு. அவ்வளவு விலை குடுத்து வாங்கின இடம் அது.

நிமிஷக் கணக்கு, இதுதான் முழு வேலையும்

2013-14 சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ன பண்ணாங்கன்னு பாத்தா போதும். டீம்ல ஒருத்தர் கூட மேட்சுக்கு சராசரி 30 நிமிஷம் ஆடல. டோனி பார்க்கர்தான் அதிகம், அவருக்கே 29.4. டங்கனுக்கு 38 வயசு ஆகப்போகுது, 29 சொச்சம். இவ்வளவு குறைச்சு ஆடியும் 62 மேட்ச் ஜெயிச்சு லீக்லயே முதலிடம், அப்புறம் ஃபைனல்ஸ்ல மியாமியை 4-1. ஓய்வு குடுத்தா சீட் போயிடும்னு பயப்படுறவங்க இந்த ஒரு சீசனை நல்லா பாக்கணும். மிச்சம் பிடிச்ச நிமிஷம் எல்லாம் போரிஸ் டியா, பாட்டி மில்ஸ், பெலினெல்லி மாதிரி ஆளுங்களுக்குப் போச்சு, அவங்க ஆறு மாசம் ஆடி ஆடி பழகினதாலதான் ஜூன் மாசம் டியாவை ஃபைனல்ஸ் நடுவுல ஸ்டார்ட்டரா (ஆரம்பத்துலயே இறங்குற அஞ்சு பேர்ல ஒருத்தரா) இறக்க முடிஞ்சுது. வயசான ஆளோட ஓய்வுங்கிறது பெஞ்ச் ஆளோட பயிற்சி, ரெண்டும் ஒரே நிமிஷத்துல நடக்குது.

சரி, உங்க வயசான ஆளுக்கு மேட்சுக்கு 28 நிமிஷம்னு வச்சா, அதை எப்படிப் பிரிக்கிறது? ஒரு குவார்ட்டர் 12 நிமிஷம். நிறைய கோச்சுங்க வயசானவரை முதல் குவார்ட்டர்ல ஏழு நிமிஷம் ஆட விட்டு எடுத்துடுவாங்க, ரெண்டாவது குவார்ட்டர் பாதியில திரும்ப இறக்குவாங்க. பேப்பர்ல பாத்தா நடுவுல 11 நிமிஷம்தான் ரெஸ்ட், ஆனா நிஜத்துல டைம்அவுட், ஃப்ரீ த்ரோ, குவார்ட்டர் பிரேக் எல்லாம் சேத்தா அந்த ஆள் 25 நிமிஷத்துக்கு மேல சேர்ல உக்காந்திருப்பாரு. முட்டி ஆறி இறுகிடும். திரும்ப எந்திரிச்சு ஓடும்போது முதல் ரெண்டு நிமிஷம் அவரு ஆளையே காணோம், எதிர் டீம் அந்த ரெண்டு நிமிஷத்துலதான் ஆறு பாயிண்ட் ஓட்டிடும். அதனால ரெண்டு விஷயம் பண்ணுங்க. முதல்ல, நீளமா இறக்குறதுக்குப் பதிலா அஞ்சு அஞ்சரை நிமிஷமா மேட்சுக்கு அஞ்சு தடவை இறக்குங்க. ரெண்டாவது, இறங்குறதுக்கு மூணு நாலு நிமிஷம் முன்னாடியே எழுப்பி விடுங்க, பெஞ்சுக்குப் பின்னாடி சைக்கிள் இருந்தா அதுல, இல்லன்னா நின்ன இடத்துலயே கால் தூக்கி, குந்தி எழுந்து, வேர்வை வர்ற அளவுக்கு. உக்காரும்போது முட்டி மேல சூடு பேக் போட்டு மூடி வைங்க. இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனா பிளேஆஃப்ல ஒரு மேட்ச் ரெண்டு பாயிண்ட்ல முடியும்போது இந்த சின்ன விஷயம்தான் நிக்கும்.

இன்னொண்ணு, 20 பாயிண்ட் முன்னாடி இருந்தாலும் சரி பின்னாடி இருந்தாலும் சரி, மூணாவது குவார்ட்டர் முடியும்போதே வயசானவங்களுக்கு அன்னிக்கு வேலை முடிஞ்சுதுன்னு ஒரு விதி போட்டுக்கோங்க. பின்னாடி இருக்கும்போது எடுக்குறதுதான் கஷ்டம், கூட்டம் கத்தும், பிளேயரே முறைப்பாரு. எடுத்துடுங்க. சீசன் முழுக்க அப்படி எட்டு பத்து மேட்ச் வந்தா ஆளுக்கு கிட்டத்தட்ட அறுபது எழுபது நிமிஷம் மிச்சம், அது ரெண்டு பிளேஆஃப் மேட்சுக்கான கால்.

எந்த மேட்சை விடுறது

பேக் டு பேக்ல, அதாவது அடுத்தடுத்த ரெண்டு நாள் மேட்ச்ல, ரெண்டாவது ராத்திரி, அதுவும் வெளியூர்ல, அதுவும் டைம் ஸோன் மாறி, இதுதான் முதல்ல விட வேண்டியது. டென்வர்ல ஆடுற மேட்ச் பேக் டு பேக்கோட ரெண்டாவது நாளா வந்தா யோசிக்கவே வேணாம், 1,600 மீட்டர் உயரத்துல வயசான நுரையீரலுக்கு அது ரெண்டு மேட்ச் கணக்கு. விடக்கூடாதது எதுன்னா, உங்க கான்ஃபரன்ஸ்ல உங்களோட சீட்டுக்குப் போட்டி போடுற டீமோட மேட்ச். வெற்றி தோல்விக் கணக்கு சமமா வந்தா நேருக்கு நேர் யார் ஜெயிச்சாங்கன்னுதான் முதல்ல பாப்பாங்க, அதுல தோத்தா ஒரு மேட்ச் ரெண்டு மேட்சா வலிக்கும்.

இஷ்டத்துக்கு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது இப்போ. 2012 நவம்பர் 29, ஸ்பர்ஸ் கோச் பாப்போவிச் மியாமி மேட்சுக்கு முன்னாடி டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நாலு பேரையும் ஊருக்கு அனுப்பிட்டாரு, அஞ்சு ராத்திரியில நாலாவது மேட்ச் அது. மிச்சம் இருந்த ஆளுங்க 105-100 வரைக்கும் இழுத்தாங்க, லீக் 2.5 லட்சம் டாலர் ஃபைன் போட்டுச்சு. 2023-24ல இருந்து விதி இன்னும் இறுக்கம்: ஒரே மேட்ச்ல ரெண்டு ஸ்டார்களை உக்கார வைக்கக் கூடாது, மீறினா முதல் தடவை ஒரு லட்சம் டாலர், ரெண்டாவது தடவை 2.5 லட்சம், அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் முந்தின ஃபைனை விட பத்து லட்சம் ஜாஸ்தி. ஆனா வயசான டீமுக்கு அதுலயே ஒரு வழி இருக்கு. சீசன் ஆரம்ப நாள்ல 35 வயசு ஆனவங்க, இல்ல ரெகுலர் சீசன்ல 34,000 நிமிஷம் ஆடினவங்க, இல்ல பிளேஆஃபும் சேத்து 1,000 மேட்ச் ஆடினவங்க, இவங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் குடுத்து அனுமதி வாங்கினா பேக் டு பேக்ல ஒண்ணை விடலாம். அவார்டு வேணும்னா குறைஞ்சது 65 மேட்ச் ஆடியிருக்கணும்கிறதும் அதே சீசன்ல வந்ததுதான், அந்த ஆளுக்கு அவார்டு முக்கியமான்னு கேட்டு வச்சுக்கோங்க, காண்ட்ராக்ட்ல அதுக்கு காசு இருக்கலாம்.

ரெண்டு ஸ்டாரை ஒரே நாள்ல உக்கார வைக்காததுல ஆட்டத்துக்கும் நல்லது இருக்கு. பிக் அண்ட் ரோல்ல (ஒருத்தர் டிஃபெண்டரை மறிச்சுட்டு உடனே கூடையை நோக்கி ஓடுற ஆட்டம்) பாஸ் எப்போ வரும்கிற டைமிங், டிஃபென்ஸ்ல யார் குரல் குடுப்பாங்கங்கிறது, இதெல்லாம் சேந்து ஆடினாத்தான் நிக்கும். இன்னிக்கு ஒருத்தர், அடுத்த வாரம் இன்னொருத்தர்னு மாத்தி மாத்தி குடுங்க. அப்புறம், யார் உக்காரப் போறாங்கன்னு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ சொல்லிடுங்க. அவரைப் பாக்கணும்னு மாசக்கணக்கா காசு சேத்து டிக்கெட் வாங்கின குழந்தைங்க கூட்டத்துல இருப்பாங்க, அவங்களுக்கு மேட்சுக்கு அரை மணி முன்னாடி தெரியறது ரொம்ப அநியாயம்.

ஓய்வு நாள்ல என்ன பண்ணணும்

படுத்துக் கிடக்குறது ஓய்வு இல்ல, வயசானவங்களுக்கு சுத்தமா இல்ல. தூரம் ஓடுறவங்க, நீச்சல்காரங்க எல்லாம் பெரிய போட்டிக்கு முன்னாடி பண்றதையே இங்கயும் பண்ணலாம்: கடைசி ரெண்டு வாரம் வேலையோட அளவைப் பாதியாக்கு, வேகத்தைக் குறைக்காத. ஒன்றரை மணி நேர பிராக்டீஸை நாப்பது நிமிஷமா வெட்டுங்க, ஆனா அந்த நாப்பதுல ஒரு பத்து நிமிஷம் அஞ்சுக்கு அஞ்சு முழு வேகத்துல, மேட்ச் மாதிரியே. முழுசா பத்து நாள் நிறுத்திட்டு திடீர்னு பிளேஆஃப் வேகத்துல இறக்கினா தசைநாருக்கு அதைவிட ஆபத்து வேற இல்ல.

இந்த இடத்துல ஒண்ணு நேர்மையா சொல்லணும். 2024 ஜனவரியில என்பிஏ டீமுங்களுக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்புச்சு, மேட்ச் விட்டு உக்காந்தா காயம் குறையுதுங்கிறதுக்கு டேட்டாவுல ஆதாரம் கிடைக்கலன்னு. அதை நான் ஒத்துக்கிறேன். ஓய்வு குடுத்தா அடிபடாதுன்னு யாருக்கும் வாக்குக் குடுக்காதீங்க. நாம ஓய்வு குடுக்குறது நாலாவது குவார்ட்டர்ல கால் இருக்கணும்கிறதுக்கு, அவ்வளவுதான். அதுவும் எல்லா டீம்கிட்டயும் செல்லாது, 2015-16 ஸ்பர்ஸ் ஆளுங்களோட நிமிஷத்தைப் பாத்துப் பாத்து செலவு பண்ணி 67 மேட்ச் ஜெயிச்சும் ரெண்டாவது ரவுண்டுல ஓக்லஹோமா சிட்டியோட இளமைக்கும் உயரத்துக்கும் முன்னாடி ஆறு மேட்ச்ல போயிட்டாங்க.

எப்போ ஓய்வு தேவைன்னு தெரிஞ்சுக்க மெஷின் எதுவும் வேணாம், கண்ணு போதும். ஷாட் எல்லாம் கூடை வளையத்தோட முன் விளிம்புல பட்டு விழுதா, கால் இல்லன்னு அர்த்தம், கை நல்லாத்தான் இருக்கும். விசில் அடிச்ச உடனே ஷார்ட்ஸைப் பிடிச்சுக்கிட்டு குனியிறாரா. டிஃபென்ஸ்ல முட்டி மடக்காம நிமிந்து நிக்கிறாரா. திரும்பி ஓடும்போது கடைசி ஆளா வர்றாரா. இதுல ரெண்டு ஒண்ணா தெரிஞ்சா அடுத்த மேட்ச் லீவு.

லீவுன்னு சொல்றதும் ஒரு கலை. பதினஞ்சு வருஷமா ஆடினவரு உக்காருறதை அவமானமா எடுத்துப்பாரு. போர்டுல பேர் இல்லாததைப் பாத்து அவரு தெரிஞ்சுக்கக் கூடாது, ரெண்டு வாரத்து அட்டவணையை கையில குடுத்து "இதுல எந்த ரெண்டை விடலாம், நீங்களே சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவரே தேர்ந்தெடுத்தா அன்னிக்கு முழுக்க பெஞ்ச்ல நின்னு சின்னப் பசங்களுக்கு சொல்லிக் குடுப்பாரு, நீங்க திணிச்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு கடைசி சேர்ல உக்காந்திருப்பாரு.

கடைசி பத்து மேட்ச்

இதுல முதல் நாலு அஞ்சு மேட்ச் வழக்கமான நிமிஷத்துல இருந்து நாலு குறைச்சு. பிளேஆஃபுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி ஒரே ஒரு மேட்ச், நல்ல டீமோட, 34 நிமிஷம் முழுசா ஆட விடுங்க, உடம்புக்கு அந்த வேகம் ஞாபகம் இருக்கணும், யாருக்கு எங்க வலிக்குதுன்னு உங்களுக்கும் தெரியும். சீட் உறுதி ஆனப்புறம் கடைசி ரெண்டு மேட்ச் லீவு. சேந்து ஆடி பழகாத டீம்னா, அதாவது சீசன் நடுவுல வேற டீமோட ஆள் மாத்தி பெரிய டிரேட் பண்ணின டீம்னா, அந்தக் கடைசி ரெண்டையும் பாதி மேட்ச் ஆட விடுங்க.

ஏற்கனவே அடிபட்டு உக்காந்திருந்தவர் திரும்ப வர்றாருன்னா 2022ல கோல்டன் ஸ்டேட் கர்ரியைக் கொண்டு வந்த விதத்தைப் பாருங்க. மார்ச் நடுவுல கால்ல அடி, கடைசி 12 மேட்ச் ஆடல, 34 வயசு. டென்வர் கூட முதல் நாலு மேட்ச் பெஞ்ச்ல இருந்துதான் இறங்கினாரு, ரெண்டாவது மேட்ச்ல 23 நிமிஷத்துல 34 பாயிண்ட். அவ்வளவு நல்லா ஆடியும் அவசரப்பட்டு ஸ்டார்ட்டரா மாத்தல, அஞ்சாவது மேட்ச்லதான் மாத்தினாங்க. அந்த வருஷம் ஃபைனல்ஸ் எம்விபி, அதாவது ஃபைனல்ஸோட சிறந்த ஆட்டக்காரர், அவர்தான்.

பிளேஆஃப் ஆரம்பிச்சப்புறமும் இந்தக் கணக்கை விட்டுடக் கூடாது. ஒரு ரவுண்டை நாலு அஞ்சு மேட்ச்ல முடிச்சீங்கன்னா நடுவுல ஒரு வாரம் கூட கிடைக்கும். முதல் நாள் முழு லீவு, வீட்டுக்கு அனுப்பிடுங்க. ரெண்டாவது நாள் ஷூட்டிங்கும் தண்ணிக்குள்ள நடையும். மூணாவது நாள் பெஞ்ச் ஆளுங்களை அடுத்த டீமோட ஆட்டத்தை ஆட வச்சு ரெஃப்ரி போட்டு இருபது நிமிஷம் முழு வேகம், அன்னிக்கு வலிக்குதுன்னு சொல்றவங்களை மட்டும் விட்டுடுங்க. நாலாவது நாள் திரும்ப லேசா, அஞ்சாவது நாள் இன்னொரு பத்து நிமிஷம் வேகமா, மேட்சுக்கு முந்தின நாள் நடந்து நடந்து பிளே எல்லாம் ஒரு தடவை பாத்துட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் தூங்க அனுப்பிடுங்க.